நீள மூக்குக் காரின் சத்தத்தை அடக்கியவன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நகரியில் நைனாவுக்குத் தறி இருந்தது. எனக்கு முன்னால் பிறந்த அண்ணன்கள் அதில் உட்கார்ந்துவிட்டதால் எனக்கு இடம் இல்லாமல் போனது. சித்தூருக்கு ஓடிப்போய், பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் தகட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலைக்குச் சேர்ந்தேன். அங்கிருந்து எழுந்து வந்தவன் என்னென்ன செய்தான் என்று கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பதி ரேணிகுண்டா ரோட்டில் நீங்கள் இன்று நிற்கிற இந்தப் பட்டறை, முள் வெட்டி நான் எழுப்பியது. பள்ளிக்கூட பஸ்கள், பால் வண்டிகள், மலைக்கு ஜனங்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளின் கூரைகள், ரத்தம் எடுக்க ஊர் ஊராகப் போகும் வண்டி ஒன்று, சித்தூரில் பிணம் ஏற்றும் வண்டியின் உள்கூடு, எல்லாம் என் கை. என்னிடம் படமும் கிடையாது, அளவு எழுதிய காகிதமும் கிடையாது. கண்ணால் பார்ப்பேன், விரலால் தட்டுவேன், வெட்டுவேன். பொருந்தும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். எனக்காகப் பெருமைப்பட வேறு ஆள் இல்லை.

முட்டி இரண்டும் போன பிறகு பட்டறையை உங்களிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வேலை எப்படி நடக்கிறது என்று நான் கேட்பதும் இல்லை. ஆனால் போன வாரம் உங்களில் ஒருவர் ஃபோன் செய்து, ஒரு பழைய கார் வந்திருக்கிறது என்று சொன்னார். நீள மூக்கு, இரண்டே இருக்கை, தாழ்ந்த கூரை. எஞ்சின் அறையில் ஒட்டியிருக்கிற வெள்ளித்தாள் ஃபோமை எல்லாம் பிரித்துப் போடச் சொல்லியிருக்கிறார்களாம். "யாரோ கோணல்மாணலா ஒட்டி வெச்சிருக்கான் மேஸ்திரி, ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசு" என்றார்.

அந்த யாரோ நான்தான். பிரிப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள்.

அந்தக் கார் கோதண்டம் சாருடையது. வீடு திருப்பதியில். குப்பம் ஊரில் கல் குவாரி வைத்திருந்தவர். வாலிப வயசில் ஏலகிரிப் பக்கம் ஒரு தோட்டக்காரரிடம் அதை வாங்கினாராம். சீமையில் செய்த வண்டி. ஓடும்போது உள்ளே உட்கார்ந்திருந்தால் மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அந்த இரைச்சலுக்காகவேதான் அந்தக் காலத்தில் அதை வாங்குவார்கள்.

ஒரு ஐப்பசி மாதம். விடாத மழை. கோதண்டம் சார் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து ஷெட்டுக்குள் விட்டார். இறங்கியவர் காரைத் தொடாமல் தள்ளி நின்று சொன்னார்:

"மேஸ்திரி, இதுக்குள்ள சத்தமே வரக்கூடாது."

"ஸ்போர்ட்ஸ் கார் சார் இது. சத்தம் போனா அப்புறம் இன்னா இருக்குது இதுல?"

"எனக்கு அவ பேசறது கேக்கணும்" என்றார்.

அவள் என்றது அவர் மனைவி கஸ்தூரியம்மா. அந்த அம்மாவுக்குத் தொண்டையில் புற்று. வேலூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. குரல் வருகிற பெட்டியையே எடுத்துவிடுவார்களாம். அதற்கப்புறம் மூச்சுகூடக் கழுத்தில் வைக்கிற ஓட்டை வழியாகத்தான். இருக்கிற குரலே ஏற்கெனவே பாதி போய், கிசுகிசுப்பாக வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்னால் ஒரு நாள் இருவர் மட்டும் இந்தக் காரில் நகரி வரைக்கும், அந்த அம்மா பிறந்த வீடு வரைக்கும், போய்விட்டு வர வேண்டும். வழியெல்லாம் அந்த அம்மா பேச வேண்டும். இவர் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

எனக்கு மனசில் வைத்துக்கொண்டு பேசத் தெரியாது. கேட்டுவிட்டேன்.

"வீட்ல பேசக்கூடாதா சார்? இல்ல, சத்தம் வராத புது வண்டி ஒண்ணுல போலாமே?"

"வீட்ல எப்பவும் ஜனம்யா. அழறதுக்குன்னே வந்துக்கினு இருக்காங்க." மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கல்யாணம் ஆனதிலேர்ந்து இதுலதான் போவோம். அவ எதனா சொல்ல வருவா. கேக்கல, வீட்ல போயி சொல்லுன்னுவேன். வீட்டுக்குப் போனா மறந்துட்டேன்னுவா. அதெல்லாம் இந்த வண்டிலதான் பாக்கி நிக்குது."

ஃபோனில் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமே என்று சொன்னேன். அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லையாம். செத்தவள் குரலை இப்போதே பிடித்து வைக்கிறீர்களா என்று சிரித்தார்களாம்.

இன்னொன்றும் சொன்னார். குவாரியில் வெடி போட்டுப் போட்டு அவருக்கு இடது காது மந்தம். ஓட்டுகிறவர் வலது பக்கம். அந்த அம்மா உட்காருவது இடது பக்கம். கிசுகிசுக்கிற குரலும் மந்தமான காதும்தான் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன.

வேலையை ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டிருக்கக்கூடாது என்று அப்போது என்னிடம் இருந்த பாஷா சொன்னார். என் வயசுக்காரர், வெல்டிங் கை. "அண்ணா, இது வண்டி வேலை இல்ல. நாம எவ்ளோ அடக்கினாலும் அவுருக்குப் பத்தாது. பொம்பளைக்கி ஏதனா ஆச்சின்னா நம்ம பேருதான் கெடும்." பாஷா சொன்னது பிறகு ஒரு வகையில் நடக்கவும் நடந்தது. ஆனாலும் நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன்.

பானட்டைத் தூக்கினோம். அடியில் ஒட்டியிருந்த பழைய துணிமெத்தை தொட்டால் உதிர்ந்தது. அதை உரித்தால் பின்னால், எஞ்சினுக்கும் கால்களுக்கும் நடுவே நிற்கிற தகட்டுச் சுவர் நெடுக, நகரி விசைத்தறிக் கழிவுப் பஞ்சை அடைத்து வைத்திருந்தான் எவனோ. நம் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்கிற வேலை இது. தறிக் கழிவு சும்மா கிடைக்கிறது, சத்தத்தைக் குடிக்கிறது என்று சீட்டுக்கும் கதவுக்கும் திணித்துப் பழகி, எஞ்சின் பக்கத்திலும் திணித்துவிடுவார்கள். பஞ்சு சத்தத்தை மட்டுமா குடிக்கும்? எண்ணெயையும் குடிக்கும். பிடித்துப் பிழிந்தால் கையில் கறுப்பாக வடிந்தது. என் சாதி ஜனங்களின் தறியிலிருந்து வந்த பஞ்சு, எஞ்சினுக்கும் ஒரு பொம்பளையின் காலுக்கும் நடுவே விளக்குத் திரி மாதிரி உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் பற்றாமல் இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம். இதே பஞ்சால் சத்தியவேடு ரோட்டில் ஒரு வேன் நின்று எரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். டிரைவர் குதித்துவிட்டான். அவன் கிளீனர் குதிக்கவில்லை.

அதையெல்லாம் சுரண்டி எடுத்து, தகடு வெள்ளையாகும்வரை துடைத்தோம். ஸ்ரீசிட்டியில் ஏசி செய்கிற கம்பெனிகளில் மீந்து வெளியே வருகிற ரப்பர் ஃபோம், ஒரு பக்கம் அலுமினியத்தாள் ஒட்டியது, அதைத் தேடி வாங்கி வந்தேன். வாங்குவதற்கு முன் கடைக்காரன் எதிரிலேயே ஒரு துண்டைக் கொளுத்தினேன். அணைந்துவிட்டது. ஒரு துண்டை எண்ணெயில் போட்டேன். குடிக்கவில்லை. நான் படித்த படிப்பு அவ்வளவுதான். ஒட்டினோம். எப்படி ஒட்டுவது என்பது உங்களுக்குத் தெரியும், அதை விடுங்கள்.

எனக்குக் கவலை வேறு. சத்தம் எவ்வளவு குறைந்தால் போதும்? அதை அளக்க ஃபோனில் ஏதோ இருக்கிறது என்றார்கள். அதில் வருகிற நம்பர் எனக்கு எதற்கு? ஒரு பொம்பளையின் கிசுகிசுப்பு ஒரு மந்தக் காதுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தக் கிசுகிசுப்பு இல்லாமல் இதை அளக்க முடியாது. அதனால் கோதண்டம் சார் குவாரிக்குப் போயிருந்த நேரம் பார்த்து வீட்டுக்கு ஃபோன் செய்து, அந்த அம்மாவைப் பட்டறைக்கு வரச் சொன்னேன். நோயாளியை வரச் சொல்வதா என்று பாஷா தலையில் அடித்துக்கொண்டார். அந்த அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். கழுத்தில் ஒரு பச்சைத் துண்டு. ராத்திரியெல்லாம் படுத்தால் இருமல், மூச்சு அடைப்பு, அதனால் நாள் கணக்கில் தூக்கம் இல்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"அம்மா, நான் ஓட்றேன். நீங்க பக்கத்துல குந்தி பேசிக்கினே வாங்க. எனக்குக் கேட்டுச்சின்னா கைய தூக்கறேன்."

"உங்களாண்ட இன்னா பேசறது மேஸ்திரி?"

"எதுனா பேசுங்க."

"எதுனான்னா வராது. திட்டச் சொன்னா வரும்."

"என்னை எதுக்கு திட்றீங்க?"

"அதான் பாருங்க, பாவம். சரி, நானு நகரிலேர்ந்து ரயில்ல புத்தூர் காலேஜிக்குப் போனவ. ரேணிகுண்டா வரைக்கும் ஸ்டேஷன் பேரு சொல்றேன், கேட்டா தூக்குங்க."

ரேணிகுண்டா ரோட்டில் மழை விட்ட நேரத்தில் வண்டியை விட்டேன். அந்த அம்மா முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார். நகரி. கையைத் தூக்கினேன். அடுத்து உதடு அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது. அந்த அம்மா என் பக்கம் குனிந்து, "ஏகாம்பரகுப்பம் போயிருச்சி மேஸ்திரி. ரயில் நிக்கலியா?" என்றார்.

வேப்பகுண்டா பாதி கேட்டது. புத்தூர் கேட்டது. தடுக்குப்பேட்டை நன்றாகவே கேட்டது. ரேணிகுண்டாவுக்கு முந்தின ஸ்டேஷன் புடி போனதே தெரியவில்லை.

திரும்பி வந்து இறங்கியதும் பாஷாவிடம் சொன்னேன், "எங்கியோ ஓட்டை இருக்குது." சித்தூரில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், பெயர் வேண்டாம், அவர் தன் பெயரைச் சொன்னால் அடிப்பார். பெரிய குடிகாரர். ஒருநாள் ஒரு பஸ் டிரைவர், எஞ்சின் மூடியிலிருந்து சத்தம் வந்து மண்டை பிளக்கிறது என்று அழுதான். நாங்கள் தகட்டின் மேல் தகடாகப் போட்டோம். குறையவில்லை. எங்கள் ஆள் வந்து, எங்கள் வேலையைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு, கியர் கம்பி வருகிற இடத்தில் தன் ஈரத் துண்டைச் சுருட்டிச் செருகினார். டிரைவர் முகம் மாறிவிட்டது. "தகட்ட பாத்துக்கினே இருந்தீங்கன்னா சாவற வரைக்கும் தகடுதான் அடிப்பீங்க. சத்தம் எந்த வழியா உள்ள வருதுன்னு பாருங்கடா" என்றார். அவ்வளவுதான் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதை வைத்து நான் ஒரு வாழ்க்கையே ஓட்டிவிட்டேன்.

பாஷா எஞ்சின் பக்கம் விளக்கைப் பிடித்தார். நான் அந்த அம்மாவின் கால் வைக்கிற இடத்தில் தலையை விட்டு, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தேன். ஒயர் வருகிற இடத்தில் ஒரு பொட்டு, பெடல் பக்கம் ஒரு கீற்று. ரப்பர் வைத்து இரண்டையும் அடைத்தோம். மறுபடி அந்த அம்மா ஏறினார். இந்தத் தடவை ஏகாம்பரகுப்பத்தில் ரயில் நின்றது. எல்லா ஸ்டேஷனும் கேட்டது. பாஷா கை தட்டினார். நான் தட்டவில்லை. அந்தக் காரை ஓட்டப் போவது நான் இல்லையே. என் இடது காதில் பஞ்சை நன்றாக அடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை போகலாம் என்றேன்.

"சாருக்கு இருக்கிற காது எனக்கும் வேணும்மா."

"அந்தக் காது ஊருக்கு ஒண்ணு போதும் மேஸ்திரி" என்றார் அந்த அம்மா. ஆனால் ஏறினார்.

புடி கேட்கவில்லை. திரும்பிப் போய் மறுபடி சொல்லச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை.

"புடில எறங்க வேண்டிய ஜனமெல்லாம் இன்னிக்கி ரேணிகுண்டாவுலதான் எறங்கணும் போல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா இருமத் தொடங்கினார். இருமல் நிற்கவே இல்லை. வண்டியை ஓரம் கட்டினேன். துண்டில் ரத்தம். பார்க்காத மாதிரி மடித்துக்கொண்டார். அன்றைக்கு நிறுத்தியிருக்கலாம். "போதும்மா, இதுவே நல்லா இருக்குது" என்று நானே சொன்னேன். அந்த அம்மா, "புடி வரணும்" என்றார். "அவுரு கேக்கலன்னா கேக்கலன்னு சொல்ல மாட்டாரு மேஸ்திரி. கேட்ட மாதிரி தலையாட்டுவாரு. எத்தனி வருஷம் பாத்திருக்கேன். அந்தத் தலையாட்டு இந்த ஒரு நாள் வேணாம்."

அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் மறுபடி கம்பளிக்குள் போனேன். வெளிச்சம் எங்கும் வரவில்லை. விரலால் தட்டிக்கொண்டே வந்தேன். அந்த அம்மாவின் முழங்காலுக்கு நேராக ஒரு இடம், தகடு மாதிரி ஒலிக்காமல் மூட்டை மாதிரி ஒலித்தது. கத்தியால் குத்தினால் உள்ளே போகிறது. எந்தக் காலத்திலோ ஹீட்டர் குழாயை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் தறிப் பஞ்சைச் செருகி, மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தான் அந்த மகராசன். பஞ்சைப் பிடுங்கினோம். பாஷா தகடு வெட்டிப் பற்றவைத்தார். அதன்மேல் ஃபோம் இரண்டு அடுக்கு. அந்த அம்மா பக்கம் முழுக்கவே இரண்டு அடுக்கு. ஓட்டுகிறவர் பக்கம் ஒரே அடுக்கு, அதிலும் மெலிசு.

"ஒரு பக்கம் கனமா, ஒரு பக்கம் லேசா. பாக்கறவன் சிரிப்பான் அண்ணா" என்றார் பாஷா.

"சிரிக்கட்டும். எஞ்சின் ஓடற சத்தம் கொஞ்சமாச்சும் கேக்கலன்னா அவுரு எப்பிடி ஓட்டுவாரு? அந்தம்மா பக்கந்தான் பேச்சு. இவுரு பக்கம் வண்டி."

நீங்கள் பார்த்து யாரோ கோணல்மாணலாக ஒட்டியிருக்கிறான் என்று சொன்னது அதைத்தான். ஒரு வேலை கோணலாகத் தெரிந்தால், அதில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

அடுத்த நாள் புடி கேட்டது. காதில் பஞ்சோடு கேட்டது. கையைத் தூக்கினேன். அந்த அம்மா என் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

கிளம்புகிற அன்று காலையில்தான் என் தலைக்கு மேல் கத்தி. மழையால் பசை சரியாகக் காயவில்லை. பானட்டைத் தூக்கினால் இன்னும் குப்பென்று வாசனை வருகிறது. அந்த வாசனை எது என்று உங்களுக்குத் தெரியும், நெருப்பைக் கண்டால் தாவும். ஓட்டினால் காற்றில் போய்விடும், பிரச்சினை இல்லை. கோதண்டம் சாரின் அண்ணன் வந்தார். கையில் தட்டு, தேங்காய், எலுமிச்சம்பழம், கொழுந்துவிட்டு எரிகிற கற்பூரம். நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டிக்குப் பூஜை என்றால் பானட்டைத் தூக்கி எஞ்சினுக்கு ஆரத்தி காட்டாமல் விட மாட்டார்கள். அவர் நேராகப் பானட்டுக்குப் போனார். நான் குறுக்கே போய் அதன்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"நெருப்பு கிட்ட வரக்கூடாது சார்."

"சாமி நெருப்புய்யா இது!"

"பசைக்கு அது தெரியாது சார்."

"எந்த ஊரு மேஸ்திரிய்யா நீ? ஆஸ்பத்திரிக்குப் போவப்போற பொம்பள. ஆரத்தி இல்லாம வண்டி எடுக்கச் சொல்றியா? அவளுக்கு ஏதனா ஆச்சின்னா நீ பதில் சொல்லுவியா?"

சுற்றி அவர்கள் வீட்டு ஜனம். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். கோதண்டம் சாரும் அண்ணனை மீறிப் பேசவில்லை. அந்த நேரத்தில் நகர்ந்துவிடுவது சுலபம். ஒரு நிமிஷம் காட்டினால் ஒன்றும் ஆகாது என்று மனசே சொல்லும். அப்படிச் சொல்கிற மனசை நம்பாதீர்கள். கையை எடுக்காமல் நின்றேன். அண்ணன் என் தோளில் கை வைத்துத் தள்ளினார்.

அப்போது கஸ்தூரியம்மா காருக்குள்ளிருந்து இறங்கி வந்தார். பேச்சு வெளியே வர இரண்டு தடவை தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, எனக்குக் காட்டுங்க. வண்டிக்கு வேணாம். போவப்போறது நாந்தானே."

அதைச் சொல்லிவிட்டு அந்த அம்மா மட்டும்தான் சிரித்தார். அண்ணன் காரை விட்டுத் தள்ளி நிற்க வைத்து அந்த அம்மாவுக்குக் காட்டினார். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்க, வண்டி போனது. பட்டறை வாசலிலேயே அது போகிற சத்தம் தெரியவில்லை. நான் பாஷாவின் முதுகில் ஓங்கித் தட்டினேன். நம்மால்தான் இது முடியும், எவனாலும் முடியாது என்றேன்.

சாயங்காலம் தூறலில் கார் திரும்பி வந்து பட்டறை வாசலில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இறங்கவில்லை. நான் ஓடிப்போய்க் கண்ணாடிப் பக்கம் குனிந்தேன். உதட்டில் விரலை வைத்தார்.

அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். இருக்கையில் சாய்ந்து, முகம் கண்ணாடிப் பக்கம், வாய் கொஞ்சம் திறந்து. இருமல் இல்லை. மடியில் வழிக்குக் கட்டிக்கொண்டு போன சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. பேசினார்களா என்று நான் கையால் கேட்டேன். அவர் தலையை இல்லை என்று ஆட்டினார். எஞ்சினை நிறுத்தினால் விழித்துக்கொள்வார் என்று பயந்தோ என்னவோ, வண்டியை மெல்லத் திருப்பிக்கொண்டு, வீட்டுப் பக்கம் போகாமல் சந்திரகிரி ரோட்டில் போனார்.

ஆபரேஷன் ஆன பிறகு வேலூருக்குப் போய்ப் பார்த்தேன். கழுத்தில் ஓட்டை, அதில் குழாய். கட்டிலோரம் போய் நின்று "புடி" என்றேன். அந்த அம்மா படுத்தபடியே கையைத் தூக்கினார்.

வராந்தாவில் கோதண்டம் சார் என்னைச் சுவரோரம் கூட்டிப்போனார்.

"வடமாலப்பேட்டை வரைக்கும்தான் பேசினா மேஸ்திரி, புத்தூர்கூட வரல. மாடிக் கொழாய் ஒழுகுது, ஆள வெச்சிப் பாருங்கன்னா. தெளிவா கேட்டுச்சி. அப்புறம் கண்ண மூடிட்டா. நகரில அவ வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தினேன். அப்பவும் கண்ணத் தெறக்கல. திரும்பிட்டேன்."

"எழுப்பியிருக்கலாமே சார்?"

"எப்பிடிய்யா எழுப்பறது? எத்தனி நாளா தூங்காதவள?" அவர் குரல் உயர்ந்தது. நர்ஸ் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். "நீ கொஞ்சம் சத்தத்த விட்டிருக்கணும். எரைச்சல் இருந்தா முழிச்சிருப்பா. நாலு வார்த்த பேசியிருப்பா. எனுக்குக் கொழாய்ப் பேச்சுதான் மிஞ்சுச்சி. ரொம்ப நல்லா வேல செஞ்சிட்ட நீ."

யார் என்னை என்ன சொன்னாலும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிச் சொல்கிறவன் நான். அன்று வாய் வரவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன். மாசி மாதம் அந்த அம்மா போய்விட்டார். சாவுக்குப் போனேன். கோதண்டம் சார் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் அந்தக் காரில் ஏறவே இல்லை. கவர் போட்டு மூடி வைத்துவிட்டார்.

இப்போது அவர் மகன் அதை எடுத்திருக்கிறார். பழைய கார்களின் ஊர்வலத்தில் ஓட்டப்போகிறாராம். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் உறும வேண்டும், இது பூனை மாதிரிப் போகிறது, உள்ளே இருப்பதை எல்லாம் பிடுங்குங்கள் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் கார், அவர் இஷ்டம். அம்மா எதற்கு அதில் அன்று போனார் என்பது அவருக்குத் தெரியுமா, தெரியாதா, எனக்குத் தெரியாது. சொல்லவும் நான் போக மாட்டேன். பிரிக்கச் சொன்னால் பிரியுங்கள். ஆனால் பஞ்சை மட்டும் வைக்கச் சொன்னால் வைக்காதீர்கள். அந்த அம்மா பக்கம் பாஷா பற்றவைத்த தகட்டை எடுக்காதீர்கள், அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடு நேராகக் காலில் அடிக்கும்.

அந்தக் காரோடு ஊர்வலத்தில் வைக்க ஒரு பலகை எழுதுகிறார்களாம். எஞ்சின் பார்த்தது பெங்களூரில் யார், பெயிண்ட் அடித்தது சென்னையில் யார், சீட் தைத்தது வேலூரில் யார் என்று எல்லோர் பெயரும் இருக்கிறது என்று ஃபோனில் படித்துக் காட்டினீர்கள். என் பெயர் இல்லை. நீங்கள் வேலையைப் பிரித்தெடுத்த பிறகு நான் செய்ததற்கு அடையாளமும் இருக்காது.

அதனால் கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன். கோதண்டம் சாருக்கு வேலூர் வராந்தாவில் நான் சொல்லாத பதிலும் இதுதான். அவர் கேட்ட பேச்சு அவருக்குக் கிடைக்கவில்லை, வாஸ்தவம். நாள் கணக்கில் கண் மூடாத ஒரு பொம்பளை, தொண்டையை அறுக்கப் போகிறார்கள் என்று தெரிந்த பொம்பளை, வடமாலப்பேட்டையிலிருந்து நகரி வரைக்கும், நகரியிலிருந்து திருப்பதி வரைக்கும், அங்கிருந்து சந்திரகிரி ரோட்டிலும் தூங்கினார். மாத்திரை கொடுக்காத தூக்கம் அது. வீட்டு ஜனம் கொடுக்காத தூக்கம். அதை நான் கொடுத்தேன். குற்றம் என்றால் குற்றம் என் பெயரில் இருக்கட்டும், ஆனால் என் பெயரில்தான் இருக்க வேண்டும்.

பலகையில் பெயிண்ட்காரனுக்குக் கீழே இடம் விடச் சொல்லுங்கள். எழுதுங்கள்: எஞ்சின் சத்தத்தை அடக்கியவர், மேஸ்திரி நாகரத்தினம், ரேணிகுண்டா ரோடு. தகடு பற்றவைத்தவர், பாஷா. மகன் எதற்கு என்று கேட்டால், உங்கள் அம்மா இதில் தூங்கினார்கள், அதற்கு என்று சொல்லுங்கள்.